மருந்து தேடிய சுப்பாராவ்

பிறர் நோய் தீர்ப்பதற்கென்றே தம் வாழ்நாளைச் செலவிட்டோர் உலகில் சிலரே. அச்சிலருள்ளும், தம் பெயர் விளங்க வேண்டும் என்னும் விழைவின்றி உழைத்தவரைக் காண்பது அரிது. அத்தகைய அரியவருள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். புற்றுநோயை மருந்தால் அடக்க இயலும் என்பதை உலகம் உணர்வதற்குத் துணைநின்ற பேரறிஞர் அவர். வறுமையும் தோல்வியும் நோயும் மாறி மாறித் தாக்கியபோதும் தாம் மேற்கொண்ட பணியினின்றும் அவர் விலகவில்லை.

கோதாவரி ஆற்றின் நீரால் வளம் பெறும் ஆந்திரப் பகுதியில் பீமவரம் என்பது ஓர் ஊர். அந்நாளில் அது சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்தது. அவ்வூரில் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது. இளமையில் சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் பற்றவில்லை. பதின்மூன்று வயதளவில் வீட்டைவிட்டு வெளியேறிக் காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்ட அவர் எண்ணினார் என்பர். தாயார் அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மகன் கற்றுத் தேற வேண்டும் என்பதில் அவ்வம்மையார் கொண்டிருந்த உறுதி பெரிது.

இராசமகேந்திரியில் பயின்ற காலத்தில் நெருங்கிய உறவினர் சிலர் நோய்வாய்ப்பட்டு மாண்டனர். அத்துயரம் சுப்பாராவின் கல்வியையும் குலைத்தது. மெட்ரிகுலேசன் தேர்வில் அவர் இருமுறை தோற்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையாகத் தேர்வெழுதி வெற்றி பெற்றார். அதன்பின் மாநிலக் கல்லூரியில் இடைநிலைக் கல்வியை முடித்தார்.

அக்காலத்தில் அவர் உள்ளம் துறவறத்தை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். அன்னையார் அதற்கு இசையவில்லை. இல்லறத்தில் இருந்துகொண்டே மக்களுக்குத் தொண்டு செய்ய வழியுண்டு என்று எண்ணிய சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்விச் செலவுக்கு நண்பர்கள் உதவினர். பின்னாளில் அவருடைய மாமனாராகியவரும் பெரிதும் துணைபுரிந்தார்.

நாட்டில் அப்போது காந்தியடிகளின் அறப்போர் வலுப்பெற்று வந்தது. அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு அடிகள் மக்களை வேண்டினார். அவ்வேண்டுகோளை ஏற்ற சுப்பாராவ், அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதரால் தைத்த மேலங்கியையே அணிந்து சென்றார். ஆங்கிலேயராகிய பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் சுப்பாராவ் சிறப்புறத் தேறியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்கு வழங்கப்படவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றிதழே கிடைத்தது. மாகாண அரசின் மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பயனளிக்கவில்லை.

இத்தோல்விகளினும் கொடிய துன்பம் ஒன்று அவர் வீட்டில் நேர்ந்தது. ‘ஸ்ப்ரூ’ என்பது வெப்ப நாடுகளில் காணப்படும் ஒரு குடல் நோய். அந்நோய் கண்டவர் எவ்வளவு உண்டாலும், உணவிலுள்ள சத்தைக் குடல் ஏற்பதில்லை. வாயும் நாவும் புண்ணாகும், குருதி வெளுக்கும், உடல் நாளுக்கு நாள் மெலியும். இந்நோய் சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரைப் பலிகொண்டது. அவர்களைக் காக்கும் மருந்து அக்காலத்து மருத்துவர் எவரிடமும் இல்லை. பின்னர்ச் சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இலட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராகவும் சுப்பாராவ் சிறிது காலம் பணியாற்றினார்.

மருத்துவர் கைவிரித்து நிற்கும் நிலையைத் தம் வீட்டிலேயே கண்டவர் அவர். நோயாளிகளை ஒருவர்பின் ஒருவராகப் பார்ப்பதைவிட, நோயின் காரணத்தை ஆராய்ந்து மருந்து காண்பதே தம் கடமை என்று துணிந்தார். அதற்குரிய கல்வியையும் கருவிகளையும் நாடி அமெரிக்கா செல்ல முடிவு செய்தார். காக்கிநாடாவில் இருந்த ஓர் அறநிலையமும் அவருடைய மாமனாரும் பொருளுதவி செய்தனர். 1920-களின் தொடக்கத்தில் அவர் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவியையும் தாயையும் பிரிந்து சென்ற அவர் மீண்டும் தாய்நாட்டைக் காணவே இல்லை.

பாஸ்டனில் உள்ள ஹார்வார்டுப் பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய கல்வியை அவர் கற்றார். கையிலிருந்த பொருள் விரைவில் கரைந்தது. ஆகவே, ஒரு மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களைத் தூய்மை செய்வது அவர் ஏற்ற வேலைகளுள் ஒன்று. மருத்துவம் கற்றவர் இத்தொழிலைச் செய்வதா என்று அவர் கூசவில்லை. பகலெல்லாம் ஆய்வுக்கூடத்திலும் இரவெல்லாம் மருத்துவமனையிலுமாக அவர் பொழுது கழிந்தது.

பின்னர் ஹார்வார்டு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். குருதியிலும் பிற உடற்பொருள்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்பதை அளந்தறிவது அந்நாளில் எளிதாக இல்லை. அதனை நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு எளிதில் அளக்கும் முறை ஒன்றை இருவரும் வகுத்து 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்முறை அவ்விருவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

அளக்கும் முறை கைவந்தபின் புதிய உண்மைகள் புலப்பட்டன. தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது அந்நாளில் அறிஞரிடையே நிலவிய பெரிய வினா. தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் இருப்பதைப் பிஸ்கேயும் சுப்பாராவும் 1927-இல் கண்டறிந்தனர். 1929-இல் ஏ.டி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் செருமனி நாட்டு அறிஞர் லோமானும் தனியே அதனைக் கண்டறிந்தார். உயிர்கள் அனைத்தும் தம் ஆற்றலைச் செலவிடுவதற்குரிய பொது நாணயம் போன்றது ஏ.டி.பி. என்று உயிரியல் நூல்கள் இன்று கூறுகின்றன. 1930-ஆம் ஆண்டில் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும், அப்பல்கலைக்கழகத்தில் அவருக்கு நிலையான ஆசிரியப் பதவி கிட்டவில்லை. அதற்காக அவர் ஆய்வை நிறுத்தவுமில்லை.

1940-ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. நியூயார்க்கு மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்து நிறுவனம் அவரை அழைத்தது. விரைவில் அவர் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். குருதி குன்றும் நோய்க்கு ஆட்டீரல் முதலிய கல்லீரல்களின் சாறு நல்ல மருந்து என்பதை மருத்துவர் முன்பே அறிந்திருந்தனர். அச்சாற்றில் எப்பொருள் நோயைத் தீர்க்கிறது என்பதைச் சுப்பாராவ் நெடுங்காலமாகத் தேடிவந்தார். தம் உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோயிலும் குருதி குன்றுதல் ஒரு குறி என்பதை அவர் மறந்திலர்.

இத்தேடலுக்கு வேறு இடங்களிலும் தடயங்கள் கிடைத்திருந்தன. பம்பாய் நகரில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில நாட்டுப் பெண் மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களிடம் காணப்பட்ட ஒருவகைக் குருதிக்குறையை ஆராய்ந்தார். ஈஸ்டின் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1930-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டார். 1941-இல் அமெரிக்க அறிஞர் சிலர் பசலை போன்ற ஒரு கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கல்லீரலிலும் ஈஸ்டிலும் கீரையிலும் தொழிற்படுவன ஒரே இனத்தைச் சார்ந்த பொருள்கள் என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. லெடர்லே நிறுவனத்தில் சுப்பாராவின் தலைமையில் பல ஆய்வாளர் ஒன்றுகூடி உழைத்தனர். ஃபோலிக் அமிலம் இருந்தாலன்றி வளராத ஒரு நுண்ணுயிரை அவர்கள் துலாக்கோல் போலப் பயன்படுத்தினர். எச்சாற்றில் அந்நுண்ணுயிர் செழித்ததோ அச்சாற்றில் அப்பொருள் உண்டு எனக் கொண்டனர். 1945-ஆம் ஆண்டில் ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கும் முறையை அவர்கள் கண்டனர். அவ்வாண்டிலேயே அது குருதிக்குறைக்கும் ஸ்ப்ரூ நோய்க்கும் மருந்தாகப் பயன்படலாயிற்று. உடன்பிறந்தாரைக் காக்க இயலாது போன குறை, பிற வீட்டுப் பிள்ளைகளைக் காத்ததனால் ஓரளவு தீர்ந்தது.

ஆயினும், அப்பொருளின் கதை அத்துடன் முடியவில்லை. பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் நோயியல் அறிஞர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் நிலை அவர் உள்ளத்தை உருக்கியது. அந்நோயில் முதிராத வெள்ளணுக்கள் எலும்பின் உள்ளேயுள்ள மச்சையில் அளவின்றிப் பெருகும். நல்ல குருதியணுக்கள் தோன்ற இடமில்லாது போகும். கடுமையான வகையாயின் சில வாரங்களில் அல்லது சில திங்களில் குழந்தை இறந்துவிடும். அறுத்து எடுக்க ஒரு கட்டி இல்லாமையால் அறுவை மருத்துவர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. பார்பர் முதலில் ஃபோலிக் அமில இனத்துப் பொருள்களை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, புற்றணுக்கள் முன்னினும் விரைந்து பெருகுவதையே அவர் கண்டார்.

பிறர் இதனைத் தோல்வி என்று கருதி விட்டிருப்பர். பார்பரோ இதில் ஒரு குறிப்பைக் கண்டார். ஃபோலிக் அமிலத்தால் புற்றணு வளருமாயின், அவ்வமிலம் கிடைக்காதபடி செய்தால் புற்றணு வாட வேண்டுமன்றோ? அங்ஙனம் செய்வதற்குரிய பொருளைச் சுப்பாராவிடம் வேண்டினார். சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமும் அதற்கு மாறான செயலும் உடைய போலிப்பொருள்களை உண்டாக்கி அனுப்பினர்.

இப்போலிப்பொருள் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை ஓர் உவமையால் விளக்கலாம். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியவேண்டுமாயின், அது தன் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வை இரு மடங்காக்கிக் கொள்ளவேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அவ்வமிலத்தை ஏற்றுப் பயன்படு நிலைக்கு மாற்றும் நொதி ஒரு பூட்டுப் போன்றது. அமிலம் திறவுகோல் போன்றது. போலிப்பொருளோ பொய்த் திறவுகோல். அது பூட்டினுள் நுழையும், ஆனால் திறவாது, வெளியேயும் எளிதில் வாராது. ஆகவே உண்மைத் திறவுகோலுக்கு இடமில்லை. உயிரணு பெருக வழியின்றி மடியும். விரைந்து பெருகும் புற்றணுவையே இத்தடை மிகுதியாகத் தாக்கும்.

இப்பொருள்களுள் அமினோப்டெரின் என்பதைப் பார்பர் 1947-ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். சாகும் நிலையில் கிடந்த குழந்தைகள் சிலர் எழுந்து நடமாடினர். 1948-ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. அத்தணிவு நிலைக்கவில்லை, சில திங்களில் நோய் மீண்டது. எனினும், மருந்தைக்கொண்டு இந்நோயைப் பின்வாங்கச் செய்ய இயலும் என்பதை உலகம் அன்றுதான் அறிந்தது. அமினோப்டெரினை ஒத்ததும் கையாள்வதற்கு அதனினும் ஏற்றதுமாகிய மெத்தோடிரெக்சேட் என்னும் மருந்தும் அக்குழுவினரின் உழைப்பிலேயே பிறந்தது.

சுப்பாராவின் ஆராய்ச்சி இத்துறையோடு நிற்கவில்லை. யானைக்கால் நோய்க்குக் காரணமான நுண்புழுக்களை அழிக்கும் ஹெட்ரசான் என்னும் மருந்து அவர் தலைமையில் 1947-இல் வெளிவந்தது. டி.இ.சி. மாத்திரை என்ற பெயரால் நம் நாட்டுச் சிற்றூர்களிலும் அது வழங்கப்பட்டு வருகின்றது. ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டகர் அவர் துறையில் சேர்ந்து மண்மாதிரிகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி 1948-இல் உலகிற்குக் கிடைத்தது. டெட்ராசைக்கிளின் எனப்படும் மருந்தினத்துள் முதலாவது அதுவே.

இத்துணைப் பணிகளையும் செய்தவர் மேடைகளையும் பாராட்டுகளையும் நாடவில்லை. ஆய்வு முடிவுகள் வெளிவரும்போது தம்முடன் உழைத்தவர் பெயர்களையே முன்னிறுத்தித் தாம் பின்னின்றார். கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டுக் குடிமகனாக அவர் ஆகவில்லை. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே இதயம் நின்று அவர் உயிர் நீத்தார். பார்பரின் கட்டுரை வெளிவந்து அப்போது மூன்று திங்கள்கூட நிறையவில்லை.

அவர் விதைத்த வித்து பின்னர் மரமாயிற்று. 1956-ஆம் ஆண்டில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர்கள், கருவுற்ற பெண்களிடம் அரிதாகத் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டியை மெத்தோடிரெக்சேட் ஒன்றைக்கொண்டே தீர்த்தனர். குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய் வகைகளுள் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு, இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கின்றனர். மெத்தோடிரெக்சேட்டும் அவற்றுள் ஒன்று. நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் அந்நோய் கண்ட பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். மூட்டுவாத நோய்க்கும் அம்மருந்து பயன்படுகின்றது.

எனினும், அம்மருந்துக்கு ஒரு குறை உண்டு. புற்றணு எது, நல்ல உயிரணு எது என்று அது பகுத்தறிவதில்லை. விரைந்து வளரும் நல்ல உயிரணுக்களையும் அது தாக்குகின்றது. அதனால் வாய் புண்ணாகும், குடல் நோகும், குருதியணுக்கள் குறையும். மருந்தைப் புற்றணுவிடம் மட்டும் சேர்ப்பது எங்ஙனம் என்பதே இன்றைய ஆய்வாளர் முன்னுள்ள வினா. அவ்வினாவிற்கும் ஃபோலிக் அமிலமே ஒரு விடை காட்டுகின்றது. சிலவகைப் புற்றணுக்கள் அவ்வமிலத்தைப் பற்றி இழுக்கும் கைகள் போன்ற ஏற்பிகளைத் தம் மேற்புறத்தில் மிகுதியாகக் கொண்டுள்ளன. ஆதலின், ஃபோலிக் அமிலத்தை வழிகாட்டியாக இணைத்து அனுப்பினால், உடன்செல்லும் பொருள் அவ்வணுக்களைச் சென்றடையும். கருப்பைக்கு அருகிலுள்ள சூலகத்தில் தோன்றும் புற்றை அறுவையின்போது ஒளிரச் செய்து காட்டும் சாயம் ஒன்று இம்முறையில் உருவாகி, 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மருந்தைச் சுமந்து செல்லும் நுண்ணிய ஊர்திகளை அமைக்கவும் அறிஞர் முயல்கின்றனர். அமினோ அமிலங்கள் சில கோத்த சிறு சங்கிலிக்குப் பெப்டைடு என்று பெயர். தக்கவாறு அமைத்த பெப்டைடுகளை நீரில் இட்டால், எவரும் அடுக்காமலே அவை தாமே ஒன்றோடொன்று சேர்ந்து இழைகளாகவும் குழல்களாகவும் உருண்டைகளாகவும் திரள்கின்றன. நீரை வெறுக்கும் பகுதிகள் உட்புறம் ஒடுங்குவதும் நீரை விரும்பும் பகுதிகள் வெளிப்புறம் நிற்பதும் இதற்கு ஒரு காரணம். ஒரு மீட்டரை நூறு கோடி கூறிட்டால் அதில் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். இவ்விழைகளின் பருமன் அத்தகைய சில நானோமீட்டர் அளவே. அவற்றினுள் மருந்தை அடக்கி, மேற்புறத்தில் ஃபோலிக் அமிலம் போன்ற வழிகாட்டியைப் பொருத்திப் புற்றணுவிடம் அனுப்பும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடைபெறுகின்றன. அம்முயற்சிகளுள் பல இன்னும் நோயாளியின் படுக்கையை எட்டவில்லை. எட்டுவதற்குப் பொறுமையும் உழைப்பும் வேண்டும். அவ்விரண்டிற்கும் சுப்பாராவின் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.

1953-இல் புதிதாக விவரிக்கப்பட்ட ஒரு பூஞ்சை இனத்திற்கு அறிஞர் அவர் பெயரை இட்டனர். அவர் பிறந்த நூற்றாண்டாகிய 1995-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. இவை அவருக்குக் கிடைத்த சிறப்புகள். அவரோ இவற்றை வேண்டி உழைத்தவர் அல்லர். பள்ளித் தேர்வில் இருமுறை தோற்ற மாணவர். உரிய பட்டம் பெறாத மருத்துவர். மலசலக் கலம் கழுவிப் பிழைத்த ஆய்வாளர். உடலை வளர்க்கும் பொருள் எது என்று பொறுமையுடன் தேடினார். அதனை அறிந்த அறிவைக்கொண்டே உடலை அழிக்கும் நோயை அடக்கும் வழியையும் திறந்துவைத்தார். நோய் நீங்கி எழுந்து விளையாடும் குழந்தைகளே அவருக்கு நிலைத்த நினைவுச் சின்னம் ஆவர்.